நிழலின் பெயர்

நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்குவோர் அதில் சிலவற்றை வெட்டுவர், சிலவற்றை ஒட்டுவர். இது தவிர்க்க இயலாதது. இரு நாவல்களை மூன்று மணி நேரத்துள் அடக்க வேண்டியவர்களிடம் வரிக்கு வரி நேர்மை எதிர்பார்ப்பது முறையாகாது என்பதை நாமும் அறிவோம். எந்தக் காட்சி விடுபட்டது, எந்தப் பாத்திரம் காணாமற்போயிற்று என்று விரல்விட்டு எண்ணிக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயின், ஒரு கதை எதைச் சொல்வதற்கென்று பிறந்ததோ அதையே பிடுங்கி எறிந்துவிட்டு, அதற்கு நேர்மாறானதொன்றை அதே பெயரால் மக்கள்முன் வைப்பதைத் தழுவல் என்று ஏற்க நம் மனம் ஒப்பவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை அலைவரிசை, ராபர்ட் லீபர்மன் இயக்கிய 'எர்த்சீ' தொடரை இரு பகுதிகளாக ஒளிபரப்பியது. அர்சலா லெ குவின் எழுதிய 'எ விசர்டு ஆஃப் எர்த்சீ' (1968), 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) என்னும் இரு நாவல்களையும் ஒன்றாகப் பிசைந்து செய்யப்பட்ட தொடர் அது. இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் அதை எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அன்று அத்தொடர் செய்த பிழை அதனோடு முடிந்துவிடவில்லை. மாயக் கதை என்ற பெயரில் நம் பிள்ளைகள் காண்பவற்றுள் பெரும்பாலானவை அதே பிழையின்மீதே கட்டப்படுகின்றன.

முதலில் நாவலைக் காண்போம். எண்ணற்ற தீவுகளாலான கற்பனைக் கடலுலகம் எர்த்சீ. கோன்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்த்துத் திரிந்த தாயற்ற சிறுவன் ஒருவன். மந்திர ஆற்றல் அவனிடம் இயல்பாகவே சுரக்கிறது. அவ்வுலகில் ஒவ்வொருவருக்கும் இரு பெயர்கள் உண்டு. ஊரார் அழைக்கும் பெயர் ஒன்று. உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே சொல்லத்தக்க உண்மைப் பெயர் மற்றொன்று. பதின்மூன்றாம் வயதில் அச்சிறுவன் குளிர்ந்த ஆற்று நீரில் இறங்கி மறுகரைக்கு நடக்கிறான். அங்கே காத்து நிற்கும் ஓகியோன் என்னும் முதியவர் அவன் கையைப் பற்றி, 'கெட்' என்ற உண்மைப் பெயரைக் காதில் ஓதுகிறார். ஊரார் அவனை அழைப்பது 'ஸ்பாரோஹாக்' என்று. குருவிகளை வேட்டையாடும் சிறு பருந்தின் பெயர் அது. நீரில் இறங்கிப் புதுப்பெயர் பெற்றுக் கரையேறும் இக்காட்சியைப் படிக்கும் நம்மவர் எவர்க்கும் திருமுழுக்குத் தொட்டி நினைவுக்கு வராமற் போகாது. லெ குவின் கிறிஸ்தவர் அல்லர். சீனத்துத் தாவோ நெறியில் ஊறியவர். இருப்பினும் பெயரிடுதல் என்பது எத்துணைப் புனிதமான செயல் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தொடரை எடுத்தவர்கள் இந்த இரு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டார்கள்! அங்கே எல்லாரும் அவனை 'கெட்' என்றே கூவி அழைக்கிறார்கள். 'ஸ்பாரோஹாக்' என்பதே மறைவான பெயராம். சிறிய தவறுதானே என்று சிலர் கேட்கக்கூடும். பெயர்தான் கதையின் உயிர்நாடி என்று அறிந்தவர் கையில் இத்தவறு நேர்ந்திருக்க வழியில்லை என்பதே நம் மறுமொழி.

ஓகியோனிடம் கல்வி கற்கச் சென்ற சிறுவனுக்குப் பொறுமை இல்லை. மழை பெய்கிறது, முதியவர் மந்திரத்தால் அதை விலக்காமல் நனைந்தபடி நடக்கிறார். இந்த ஆற்றலால் என்ன பயன் என்று பையன் உள்ளுக்குள் குமைகிறான். (மந்திரக் கதை என்றவுடன் முகம் சுளிக்கும் நம் பெரியவர்கள் இந்த ஒரு காட்சியையேனும் படித்துப் பார்க்க வேண்டும்.) பின்னர் ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளிக்குச் செல்கிறான். அங்கே ஜாஸ்பர் என்னும் மாணவனோடு பொறாமையும் போட்டியும் மூள்கின்றன. தன் வல்லமையைக் காட்டுவதற்காக, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான் கெட். உலகின் துணி கிழிந்தாற்போல் ஒரு பிளவு தோன்றுகிறது. அதன் வழியே உருவற்ற கரிய நிழலொன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூடும் முயற்சியில் பள்ளியின் தலைவரான முதிய நெம்மர்லே தம் உயிரைக் கொடுக்கிறார். ஓர் இளைஞனின் வீம்புக்கு ஒரு நல்லவரின் உயிர் விலையாகிறது.

அதன்பின் நாவல் முழுவதும் அந்த நிழல் அவனைத் துரத்துகிறது. அவன் தீவு தீவாக ஓடுகிறான். இறுதியில் மீண்டும் ஓகியோனிடமே அடைக்கலம் புகும்போது, ஓடாதே, திரும்பி நின்று அதை நீ துரத்து என்கிறார் அவர். கெட் திரும்புகிறான். வெட்ச் என்னும் நண்பன் துணைக்கு வர, சிறு படகில் உலகின் கிழக்கெல்லை கடந்து செல்கிறார்கள். அங்கே நிழலை நேருக்கு நேர் சந்தித்து, அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறான். என்ன பெயர்? 'கெட்'. அவனுடைய பெயரே அதன் பெயர். அந்நிழலும் அவன் பெயரையே சொல்கிறது, இருவரும் ஒன்றாகிறார்கள். இதை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஆசிரியர் கூறவில்லை. அவன் முழு மனிதனானான், அவ்வளவே.

இக்கதையில் பகையரசன் இல்லை, பெரும்போர் இல்லை, வீழ்த்தப்பட வேண்டிய கொடியவன் ஒருவனும் இல்லை. கெட் சந்திக்க வேண்டிய தீமை அவனிடமிருந்தே பிறந்தது. அவன் பெயராலன்றி அதை வேறெப்பெயராலும் அழைக்க இயலாது.

தொடர் என்ன செய்தது? டைகாத் என்றொரு கொடுங்கோல் அரசனைப் புதிதாய்ப் படைத்தது. நாவல்களில் அப்படியொருவன் இல்லவேயில்லை. அவனுக்குச் சாவாமை வேண்டும்; உலகை வெல்ல வேண்டும்; அதற்காகப் படைகளை அனுப்புகிறான், சூழ்ச்சிகள் செய்கிறான். நிழலும் தொடரில் வராமலில்லை. கெட் அதை எதிர்கொள்ளவும் செய்கிறான். ஆனால் பார்ப்பவர் நெஞ்சில் கதையின் முடிச்சு அதனிடம் இல்லை. அரசன் வீழ வேண்டும். இரண்டாகிக் கிடக்கும் 'அமைதியின் தாயத்து' ஒன்றுசேர வேண்டும். காட்சிகளில் முன்னரே ஒருவரையொருவர் கண்டு ஏங்கிய கெட்டும் டெனாரும் காதலராய் இணைய வேண்டும். இத்தனையும் முடிந்ததும் உலகம் நலமாகிவிடுகிறது. எழுந்து விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் செல்லலாம்.

நமக்கு மனம் பொறுக்காத இடம் இதுவே. திருப்பலியின் தொடக்கத்திலே நாம் மார்பில் தட்டிக்கொள்கிறோம். அடுத்தவர் மார்பில் தட்டுவதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடுபவர் அண்டை வீட்டாரின் பாவங்களை அடுக்கத் தொடங்கினால், எந்த அருட்பணியாளரும் அவரை மெல்ல இடைமறித்து, உம்முடையதைச் சொல்லும் என்றுதான் கூறுவார். பாவம் என்னுடையது, அதன் பெயர் என் பெயர் என்று சொல்வதற்கு ஒரு மனிதன் எத்தனை ஆண்டுகள் ஓடுகிறான்! அந்த ஓட்டத்தையும், அந்தத் திரும்புதலையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூச்சுப்பிடித்துப் படிக்கும்வண்ணம் எழுதிவைத்தார் ஓர் அமெரிக்கப் பெண்மணி. நம் மறைக்கல்வி ஏடுகள் பலவற்றால் ஆகாத காரியம் அது; சொல்ல வெட்கமாயினும் சொல்லத்தான் வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டு, தீமை என்பது வாளேந்திய வேற்றுநாட்டான் ஒருவனிடம் இருக்கிறது, அவனை ஒழித்தால் போதும் என்று சொல்லித்தருகிறது தொடர். இப்பாடத்தைக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து எதைச் செய்வர் என்பதை அன்றாடச் செய்தித்தாளே நமக்குக் காட்டுகிறது.

லெ குவின் இதைத் தற்செயலாய் எழுதினார் என்று எவரும் எண்ணவேண்டாம். 1974இல் அவர் ஆற்றிய 'குழந்தையும் நிழலும்' என்ற உரையில், உளவியல் அறிஞர் யுங்கின் சிந்தனையைத் துணைகொண்டு, பிள்ளைகளுக்குத் தம் நிழலை அடையாளம் காட்டுவதே மாயக் கதையின் பணி என விரிவாக வாதிட்டார். தீமையைக் கணக்குப்போல் விடை கண்டு முடித்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நூல்கள் பொய் சொல்கின்றன என்பது அவர் துணிபு. தொடரை எடுத்தவர்கள் அவ்வுரையைப் புரட்டிப் பார்க்க அரைமணி நேரம் ஆகியிருக்காது.

இரண்டாம் நாவலுக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசும்போது நாம் சற்றுச் சங்கடத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. அட்டுவான் பாலைநிலத்தில் கல்லறைகள். அங்கே 'பெயரற்றவர்கள்' என்னும் இருள் ஆற்றல்களுக்குப் பணிபுரியும் பெண்கள். ஐந்தே வயதான டெனார் என்ற சிறுமியைத் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து, அவள் பெயரைப் பறித்து, தலைமைக் குருவாக்கி, நிலத்தடிச் சுருங்கைகளின் இருளிலே வளர்க்கிறார்கள். கள்வனாய் நுழைந்த கெட்டைக் கொல்லாமல் விடுவதன்மூலம் அவள் முதன்முறையாகத் தன்விருப்பாய் ஒரு செயல் செய்கிறாள். அவள் இழந்த பெயரை அவனே அவளுக்குத் திருப்பித் தருகிறான். அவ்விருள் ஆற்றல்கள் உண்மையானவை. எனினும் தொழத்தக்கவை அல்ல என்பது நாவல் காட்டும் தெளிவு.

தொடரிலோ அப்பெண்கள் நல்ல துறவியர்! தங்கள் விசுவாசத்தின் வலிமையால் பெயரற்றவர்களைச் சிறைவைத்துக் காத்து வருகிறார்களாம். நம் கன்னியர் மடங்களை நினைவூட்டும் சாயல்கூட அதில் உண்டு. சமயத்தைப் பெருமைப்படுத்துகிறார்கள், கத்தோலிக்கருக்கு இது உவப்பானதுதானே என்று எவரேனும் நம்மிடம் கேட்கலாம். உவப்பானதன்று. விசுவாசத்தை எதிரியைப் பூட்டிவைக்கும் பூட்டாக மட்டும் காண்பவர்க்கு விசுவாசம் இன்னதென்று தெரியாது. சமயத்தின் பெயரால் ஒரு சிறுமியின் பெயரும் உரிமையும் பறிக்கப்படலாம் என்று எச்சரித்த நாவல், சமயத்திற்கு மாலைசூட்டிய தொடரைவிட நமக்கு உற்ற நண்பன். புகழ்பவரைக்காட்டிலும் இடித்துரைப்பவரே நமக்குத் தேவை. அந்த இடிப்பு நமக்கு வலிக்கத்தான் செய்கிறது.

இனி, நிறம். இதை இறுதியில் வைத்ததால் இது சிறிதென்று பொருளல்ல. ஆசிரியருக்கு மிகுந்த சினமூட்டியதே இதுதான். நாவலில் கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெட்ச் கருமை நிறத்தவன். தீவுக்கூட்டத்தின் மக்களுள் மிகப் பலர் இத்தகையோரே. வெண்ணிறத்தவர் கார்கு நாட்டார் மட்டுமே. நூலின் தொடக்கத்தில் அவர்கள்தாம் கோன்ட் தீவைக் கொள்ளையிட வரும் முரடர்கள். 1968இல், வெள்ளையரே வீரராய் நிரம்பியிருந்த ஓர் இலக்கிய வகையில், லெ குவின் இதை வேண்டுமென்றே செய்தார். அவர் தந்தை ஆல்பிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலர். தம் இனத்தில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி என்னும் பூர்வகுடியினரின் வரலாற்றை எழுதியவர் தாயார் தியோடோரா. உலக மக்களுள் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர் என்னும் எளிய உண்மையை அந்த வீட்டில் வளர்ந்தவர் மறந்திருக்க முடியாது.

தொடரில் கெட் வெள்ளையன். ஷான் ஆஷ்மோர் என்ற கனடிய நடிகர் அவ்வேடத்தில் வந்தார். ஓகியோனாக நடித்த டேனி குளோவர் ஒருவரே முதன்மைப் பாத்திரங்களுள் கறுப்பினத்தவர். இளையவனுக்கு அறிவுரை கூறி வழியனுப்பும் கறுப்பு முதியவர் என்னும் பழகிப்போன அச்சில் அவரை வார்த்துவிட்டார்கள். லெ குவின் அதே டிசம்பரில் 'ஸ்லேட்' இதழில் தம் நூலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்று கண்டித்து எழுதினார். ஒப்பந்தத்தில் தாம் 'ஆலோசகர்' எனக் குறிக்கப்பட்டிருந்தும், எதையும் மாற்றும் அதிகாரம் தமக்கு இருந்ததில்லை என்பதையும் அதில் வெளிப்படையாகச் சொன்னார். பணம் பெற்றுக்கொண்டபின் முறையிடலாமா என்று கேட்போர் உளர். உரிமையை விற்றவர் உண்மையையும் சேர்த்தே விற்றுவிட்டார் என்று எந்த அறநூலும் கூறவில்லை.

தொலைவிலிருந்து அமெரிக்கரை நோக்கி விரல் நீட்டுவது நமக்கு எளிது. ஆனால் கெட்டின் கதையை ஏற்பவர் அதை அங்கேயே விட்டுவிட முடியாது. நம் பங்குகளில் கிறிஸ்துமஸ் நாடகத்திற்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், வானதூதருக்குச் சிவந்த பிள்ளையையும் சாத்தானுக்குக் கறுத்த பிள்ளையையும் நம் விரல் தானாகவே சுட்டுகிறதா இல்லையா? யாரும் கட்டளையிடவில்லை, யாரும் கேள்வி கேட்பதுமில்லை. கரிப்பொடி பூசிக்கொண்டு மேடையேறிய அந்தப் பிள்ளை எதை நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது என்று நாம் கேட்டதுண்டா?

நாவலின் முதற்பதிப்பில் ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டையில் கெட் செப்பு நிறத்தோடுதான் இருந்தான். பின்வந்த பதிப்புகள் பலவற்றில் அட்டைகள் அவனை வெளுக்கச் செய்தன. ஆசிரியர் சலிக்காமல் மறுத்துக்கொண்டே இருந்தார். தம் இறுதி ஆண்டுகளில் சார்லஸ் வெஸ் என்னும் ஓவியரோடு சேர்ந்து, எர்த்சீ கதைகள் அனைத்தையும் ஒரே நூலாக்கும் பணியில் ஈடுபட்டார். 2018 சனவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டின் இறுதிப்பகுதியில் அந்தப் பெருநூல் வெளிவந்தது. அதன் ஓவியங்களிலே கெட் பழுப்பு நிறத்தோடு இருக்கிறான்.