கிரேக்க சாமியும் கரூர் மணலும்

பத்ரகாளியம்மன் என்றால் அம்பகரத்தூர். சனீஸ்வரன் என்றால் பக்கத்துத் திருநள்ளாறு. சாமியை வைத்து ஊரை அறிவது நம் வழக்கம். பழைய கிரேக்கர்களும் அப்படித்தான். அதைக் காசிலேயே அடித்து வைத்தார்கள். ஆந்தையும் அதீனாவும் இருந்தால் ஏதென்ஸ். சுருள்முடிச் சூரியன் ஹீலியோஸ் ஒரு பக்கம், ரோஜாப்பூ மறுபக்கம் என்றால் ரோட்ஸ் தீவு. அந்த ரோட்ஸ் காசு நம் கரூர் அமராவதி ஆற்று மணலிலும் கிடைத்தது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடி வாங்கி, படித்து, நூலாகப் பதிப்பித்ததால்தான் நமக்கு விஷயம் தெரிந்தது. இல்லாவிட்டால் எடைக்குப் போய் உருகியிருக்கும்.

சேகரிப்பதில் தவறில்லை, கிடைத்த இடத்தைக் குறிக்காமல் சேகரிப்பதுதான் தவறு. கரூர் என்ற பெயரைக் கழித்துவிட்டால் அந்த ஹீலியோஸ் ஏலக்கடையில் கிடைக்கும் இன்னொரு காசு, அவ்வளவே. பழைய துறைமுகமான அரிக்கமேடு இருக்கும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்குச் சட்டமும் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயலிலோ வாய்க்காலிலோ பழங்காசு தட்டுப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இடத்தையும் தேதியையும் எழுதிவைத்து, அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.