திடலும் வேண்டும், ஏடும் வேண்டும்

“பந்தை உதைத்தால் வயிறு நிறையுமா?” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். “பந்து ஒன்றே போதும், பாடம் எதற்கு?” என்று எண்ணும் மாணவர்களும் உள்ளனர். இவ்விரு சாராரும் உண்மையின் ஒரு பாதியை மட்டுமே காண்கின்றனர். திடலும் ஏடும் மாணவனுக்கு இரு கண்கள் என்பதே என் கருத்து. அமெரிக்க நாட்டு வணிகர் சாம் வால்டனின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

அவர் 1918ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தார். பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிய காலத்தில் வளர்ந்தார். வீட்டுப் பசுவின் பாலைக் கறந்து விற்றார். வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார். மிசௌரி மாநிலத்தில், கொலம்பியா நகரின் ஹிக்மன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது அமெரிக்கக் காற்பந்துக் குழுவில் சேர்ந்தார். அவ்வாட்டம் நம் காற்பந்து போன்றதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிவர். குழுவின் ஆட்டத்தை வழிநடத்தும் பொறுப்பு சாமுக்கு வாய்த்தது. 1935ஆம் ஆண்டில் அக்குழு மாநில வாகையர் பட்டத்தைச் சூடியது.

எனினும், பந்து அவருக்குச் சோறு போடவில்லை. பல்கலைக்கழகத்தில் பயின்ற நாள்களில் உணவு பரிமாறி, அதற்கு ஈடாகத் தம் உணவைப் பெற்றார். 1940இல் பட்டம் பெற்று, ஜே. சி. பென்னி நிறுவனத்தின் கடையொன்றில் 75 டாலர் மாதச் சம்பளத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

இராணுவப் பணி முடிந்தபின், 1945இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் நியூபோர்ட் என்னும் சிற்றூரில் ஒரு கடையை வாங்கினார். தம் சேமிப்பு 5,000 டாலருடன் மாமனாரிடம் 20,000 டாலர் கடன் பெற்றார். அவர் கையாண்ட முறை எளிய கணக்கே. 80 காசுக்கு வாங்கிய பொருளை 120 காசுக்கு விற்றால் இலாபம் 40 காசு. 100 காசுக்கு விற்றால் 20 காசுதான். ஆனால், விலை குறைவென்று மூன்று மடங்கு விற்பனையானால் இலாபம் 60 காசு! வகுப்பறையில் நாம் கற்கும் பெருக்கல் வாய்பாடு எங்கே உதவுகிறது, பாருங்கள்.

கடை செழித்தது. ஆயினும், கடைக் குத்தகையைப் புதுப்பிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. அந்த ஒரு வரி இல்லாமையைச் சாம் கவனிக்கத் தவறினார். கட்டட உரிமையாளர் அக்கடையைத் தம் மகனுக்கு விரும்பினார். குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தார். ஐந்தாண்டு உழைப்பால் வளர்த்த கடையைச் சாம் விட்டு வெளியேற நேர்ந்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1950இல் பென்டன்வில் என்னும் மற்றொரு சிற்றூரில் மீண்டும் கடை வைத்தார். இம்முறை, கடையை விரிவாக்கத் தேவைப்பட்ட பக்கத்து இடத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையை உறுதி செய்துகொண்டார்! 1962இல், தமது 44ஆம் வயதில், ரோஜர்ஸ் நகரில் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார். 1992இல் அவர் மறைந்தபோது வால்மார்ட் அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமாக உயர்ந்திருந்தது.

விழுந்தவன் எழுந்து ஓட வேண்டும் என்பதைத் திடல் கற்பிக்கும். ஆனால், ஒப்பந்தத்தில் விடுபட்ட வரியைக் காணத் திடல் கற்பிக்காது. அதற்கு ஏடு வேண்டும்.

அவருடைய செயல்கள் யாவும் போற்றத்தக்கவை என்று நான் கூறவில்லை. தம் கடைகளில் தொழிற்சங்கம் அமைவதை அவர் எதிர்த்தார். குறைந்த விலைக்குப் பின்னால் ஊழியரின் குறைந்த ஊதியமும் இருந்தது என்ற குறைகூறலும் உண்டு. உழைத்து வாழும் நாம் இதனை மறத்தலாகாது. நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளுவோம்.

பெற்றோர்களே, மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் திடலுக்கு விடுங்கள். இரவில் ஒரு மணி நேரம் புத்தகத்தின் முன் அமர்த்துங்கள். எந்தத் தாளிலும் கையொப்பமிடுமுன் அதனை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒரு காவல்.

மாணவச் செல்வங்களே, ஓடுங்கள், ஆடுங்கள். மணி அடித்ததும் பந்தை வைத்துவிட்டு ஏட்டை எடுங்கள். இரண்டையும் கைக்கொண்டால் வாழ்வில் வெற்றி உமதே!