ஷெஃபீல்டின் எந்திரங்களும் ஓக்கிக்குப் பிடிக்காத பாட்டும்

1980-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஓர் இசைக்குழு இரண்டாக உடைந்தது. குழுவின் பெயர் தி ஹ்யூமன் லீக். அதைத் தொடங்கியவர்களும், மெட்டும் ஒலியும் அறிந்தவர்களுமான மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் வெளியே போனார்கள். மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர், ஒரு காலத்தில் மருத்துவமனையில் போர்ட்டர் வேலை பார்த்த பாடகர் ஃபிலிப் ஓக்கி. மற்றவர், கச்சேரி நடக்கும்போது திரையில் ஸ்லைடு படங்கள் காட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ரைட். பெயர் இவர்களுக்கு என்று முடிவானது. கூடவே கடனும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஐரோப்பியக் கச்சேரிகளும் இவர்கள் தலையில் விழுந்தன. போனவர்களுக்கு, ஹ்யூமன் லீக்கின் அடுத்த ஆல்பத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு ராயல்டி என்று பேசி முடித்தார்கள்.

அந்த அடுத்த ஆல்பம்தான் 'டேர்'. 1981 அக்டோபரில் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்றாமிடம் வரை ஏறியது. அதன் கடைசிப் பாட்டு இரண்டு நாடுகளிலும் முதலிடத்தில் உட்கார்ந்தது. சிந்தசைசர் ஒலியை முதுகெலும்பாகக் கொண்ட பாப் இசைக்கு, சிந்த்பாப் என்ற அந்த வகைக்கு, இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படும் ஆல்பங்களில் ஒன்று இது.

'டேர்' பற்றி நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் கதை ஒன்று உண்டு. பரிசோதனை செய்யத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், இருந்தவர்கள் சந்தைக்கு வளைந்து கொடுத்தார்கள் என்பது அந்தக் கதை. கொஞ்சம் இரக்கத்தோடு சொல்பவர்கள், பரிசோதனைக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு சமநிலையைக் கண்ட ஆல்பம் என்பார்கள். இரண்டுமே ஆல்பத்துக்கு நியாயம் செய்யவில்லை. ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மற்றதில் கொஞ்சம் பெற்ற கதையே அல்ல இது. அந்தக் குழு அதுவரை செய்ததிலேயே துணிச்சலான பரிசோதனை 'டேர்'தான். அது விற்றதற்குக் காரணமும் அந்தப் பரிசோதனைதான்.

பழைய ஹ்யூமன் லீக் எப்படி இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். ஷெஃபீல்டு எஃகு நகரம். 1970-களின் கடைசியில் ஆலைகள் தளர்ந்துகொண்டிருந்தன. 1980-இன் தொடக்கத்தில் நாடு தழுவிய எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தது. அந்த ஊரில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்களாக வேலை பார்த்த வேரும் மார்ஷும், விலை இறங்கத் தொடங்கியிருந்த சிந்தசைசர்களை வாங்கி ஒலிகளைக் குடைந்தார்கள். 1978-இல் வந்த முதல் சிங்கிள் 'பீயிங் பாயில்டு', பட்டுப்புழுக்களைக் கொதிநீரில் கொல்வதைப் பற்றிய பாட்டு. அடுத்து வந்த 'ரீப்ரொடக்‌ஷன்' (1979), 'டிராவலாக்' (1980) இரண்டு ஆல்பங்களும் விமர்சகர்களின் மரியாதையைப் பெற்றன. பெரிய விற்பனை இல்லை. இதற்கிடையில் கேரி நியூமன் 1979-இல் சிந்தசைசர் ஒலியோடு இரண்டு முறை முதலிடம் போய்விட்டார். முன்னால் தொடங்கியவர்கள் பின்னால் நின்றார்கள்.

பிரிவுக்குப் பிறகு கச்சேரிப் பயணத்துக்குச் சில நாட்களே இருந்தன. ஓக்கி ஷெஃபீல்டின் கிரேசி டெய்சி இரவு விடுதிக்குப் போனார். அங்கே ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டார். சூசன் ஆன் சல்லிக்கு வயது 17, ஜோஆன் கேதராலுக்கு 18. இருவரும் மேடையில் பாடியதில்லை. பெற்றோரை இணங்க வைத்த பிறகு அவர்களும் பயணம் கிளம்பினார்கள். பழைய குழுவை எதிர்பார்த்து வந்த ரசிகர்கள் சில இடங்களில் கூச்சலிட்டார்கள்.

இதை விளம்பரத் தந்திரம் என்றுதான் அன்று பலர் நினைத்தார்கள். ஆல்பத்தைக் கேட்டால் அந்த எண்ணம் நிற்காது.

'டேர்' தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட், தி ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் போன்ற கிடார் குழுக்களின் ஆல்பங்களால் பெயர் பெற்றவர். ஆனால் அவர் மனம் அப்போது எந்திரங்களின் பக்கம் போயிருந்தது. லண்டனுக்கு மேற்கே பெர்க்‌ஷயரில் ஜெனெட்டிக் என்ற சொந்த ஸ்டூடியோவை நிறுவி, அன்றைக்குக் கிடைத்த புதிய கருவிகளை அங்கே குவித்திருந்தார். அவற்றில் இரண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, ரோலண்டு நிறுவனத்தின் எம்சி-8 மைக்ரோகம்போசர், 1977-இல் வந்தது. இதில் இசைக்கட்டைகள் இல்லை, எண்பலகைதான். ஒரு ஸ்வரம் வேண்டுமென்றால் அதன் சுருதிக்கு ஓர் எண், அடுத்த ஸ்வரம் வரும்வரை எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் எண், அதில் எவ்வளவு நேரம் ஒலி நிற்க வேண்டும் என்பதற்கு இன்னோர் எண். கணக்குப்பிள்ளை பேரேட்டில் வரவு வைப்பதைப் போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் இப்படிப் பதிய வேண்டும். பதிந்ததைக் கேசட்டில் சேமிக்கலாம். விரல் வேகம் இல்லாதவரும் இதில் பிசகாத தாளத்தில் ஒரு வரிசையை அமைத்துவிட முடியும். பொறுமையும் காதும் இருந்தால் போதும்.

இரண்டாவது, அமெரிக்காவில் ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1 டிரம் கம்ப்யூட்டர், 1980-இல் வந்தது. அதற்கு முந்தைய டிரம் மெஷின்கள் மின்சுற்றில் உண்டாக்கிய 'டிக் டிக்' ஒலியைத்தான் தந்தன. எல்எம்-1, நிஜ டிரம்மை ஒருவர் அடித்த ஒலியைப் பதிவு செய்து சில்லுகளில் வைத்திருந்தது. நினைவகச் சில்லுக்கு அப்போது யானை விலை. நீண்டு அதிரும் பெரிய சிம்பல் ஒலிக்கு அதில் இடமில்லை. சிம்பல் இல்லாத அந்தக் குறையே பின்னாளில் 1980-களின் ஒலியாக மாறியது. 'லவ் ஆக்‌ஷன்' பாட்டில் தாளம் எவ்வளவு உலர்ந்து, எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது என்று கவனித்தால் இது புரியும். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுகிறது. நடுவில் மிஞ்சும் காலி இடத்தில் பாஸ் வரிசை ஓடுகிறது.

அந்தக் காலி இடத்தில்தான் சல்லியும் கேதராலும் பாடுகிறார்கள். பயிற்சி பெற்ற பின்பாட்டுக் குரல்கள் அல்ல அவை. சுருதி சில இடங்களில் லேசாகத் தள்ளாடும். உச்சரிப்பு அச்சு அசல் ஷெஃபீல்டு. நூல் பிடித்தாற்போல் ஓடும் எந்திரத்தின் மேல் இந்த நடுக்கமுள்ள குரல்களை வைத்ததுதான் ஆல்பத்தின் பெரிய கண்டுபிடிப்பு. சாமான்யக் குரலை வைத்ததால் சந்தைக்கு இறங்கிவிட்டார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் 1981-இல் எலக்ட்ரானிக் இசை என்றால் ஆண்கள், உணர்ச்சியற்ற முகம், ரோபோ நடை என்றே இலக்கணம் இருந்தது. அந்த இலக்கணத்தை மீறிய குழு இது.

தூய்மைவாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'டேர்' ஆல்பத்தில் கிடார் கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஜோ காலிஸ், தி ரெசில்லோஸ் என்ற ஸ்காட்லாந்து பங்க் குழுவின் கிடார்காரர். இங்கே கிடாரை ஓரம் வைத்துவிட்டு சிந்தசைசர் கற்றுக்கொண்டார். அதே சமயம் வேரும் மார்ஷும் ஹெவன் 17 என்ற புதிய குழுவில், அதே 1981-இல், 'பென்ட்ஹவுஸ் அண்ட் பேவ்மென்ட்' என்ற ஆல்பத்தைத் தந்தார்கள். அருமையான ஆல்பம் அது. அதன் முதல் பக்கத்தில் பாஸ் கிடார் துள்ளுகிறது. அதாவது, பரிசோதனைக்காரர்கள் எனப்பட்டவர்கள் பழைய வாத்தியத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். சந்தைக்குப் போனவர்கள் எனப்பட்டவர்கள் முழுக்க எந்திரத்திலேயே நின்றார்கள். இந்த ஒரு விவரமே பழைய கதையைக் கவிழ்க்கப் போதும்.

பாட்டுகள் எதைப் பற்றியவை என்று பார்த்தாலும் வளைந்துகொடுத்த தடயம் இல்லை. 'செகண்ட்ஸ்' ஜான் எஃப். கென்னடி படுகொலையைப் பற்றியது; சுட்டவனை நோக்கியே அது பேசுகிறது. 'ஐ ஆம் தி லா' பாட்டின் பின்னணியில் ஜட்ஜ் டிரெட் என்ற காமிக்ஸ் பாத்திரம் இருக்கிறது. 'கெட் கார்ட்டர்', ராய் பட் இசையமைத்த 1971-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் மெட்டு. குரலே இல்லாமல் ஒற்றை சிந்தசைசரில் ஒரு நிமிடம் தனியாக ஒலித்து அடங்குகிறது. லட்சக்கணக்கில் விற்ற ஓர் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் அப்படித் தொடங்குகிறது.

அடுத்து அந்தப் பாட்டு. 'டோன்ட் யூ வான்ட் மீ' என்ற அதை ஓக்கிக்குப் பிடிக்கவில்லை. ரஷென்டும் காலிஸும் அதற்குத் தந்த வடிவம் அவருக்கு மென்மையாகப் பட்டது. அதனால்தான் ஆல்பத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். மூன்று சிங்கிள்கள் வெளிவந்து வெற்றி பெற்றிருந்தன. நான்காவதாக இதை வெளியிட வர்ஜின் நிறுவனத்தின் சைமன் டிரேப்பர் முடிவு செய்தபோது ஓக்கி எதிர்த்தார். மக்கள் சலித்துப்போயிருப்பார்கள் என்று அஞ்சி, சிங்கிளோடு இலவசமாக ஒரு போஸ்டரும் வைக்கச் செய்தார். பாட்டு 1981 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடம் போய் ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. பிரிட்டனில் மட்டும் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1982 ஜூலையில் அமெரிக்காவிலும் மூன்று வாரம் முதலிடம். ஸ்டீவ் பாரன் இயக்கிய வீடியோவும், அப்போதுதான் ஓராண்டை நெருங்கிக்கொண்டிருந்த எம்டிவியும் அங்கே கைகொடுத்தன.

இந்த இடத்தில் சந்தையைக் குறைவாக மதிப்பிட்டவர் கலைஞர். நிறுவனத்துக்காரர் சரியாகக் கணித்தார். இசை உலகில் அடிக்கடி நடப்பதற்கு நேர் எதிரானது இது. ஆனாலும் இதை வைத்து நிறுவனங்களுக்கே எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விற்பனை ஆன அந்தப் பாட்டை உருவாக்கிய விதம் ஓக்கியின் பிடிவாதங்களிலிருந்து வந்தது. கிடார் கூடாது என்றது அவர் குழு. பாடத் தெரியாத இரண்டு பெண்களை அழைத்து வந்தது அவர். பாட்டின் உள்ளமைப்பைப் பாருங்கள். முதலில் ஓர் ஆண் பேசுகிறான்: உணவு பரிமாறிக்கொண்டிருந்தவளை உயர்த்தியவன் நான், இப்போது என்னையே விட்டுப் போகிறாய் என்று மிரட்டுகிறான். அடுத்த சரணத்தில் சல்லி வருகிறார். வேலை பார்த்தது உண்மைதான், நீ இல்லாமலும் மேலே வந்திருப்பேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். தேர்ந்த பாடகி ஒருவர் இதைப் பாடியிருந்தால் நாடகம் கூடியிருக்கும், நம்பிக்கை குறைந்திருக்கும். நேற்றுவரை பள்ளிக்குப் போன பெண்ணின் அலங்காரமற்ற குரலில் அந்தப் பதில் அசைக்க முடியாததாக நிற்கிறது. காதல் பாட்டு என்று ஆடியவர்களில் பலர், அதிகாரம் பற்றிய ஒரு வாக்குவாதத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மக்களுக்குப் புதுமை பிடிக்காது என்ற வாதத்துக்கு இன்னொரு பதிலும் அந்தக் குளிர்காலத்தில் கிடைத்தது. 'டோன்ட் யூ வான்ட் மீ' வெற்றியைப் பார்த்து, இஎம்ஐ நிறுவனம் 1978-ஆம் ஆண்டின் 'பீயிங் பாயில்டு' பாட்டை மறுபடி வெளியிட்டது. பட்டுப்புழுப் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாமிடம் பிடித்தது. ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றாமலே இருண்ட பழைய ஹ்யூமன் லீக்கை அதே கூட்டம் வாங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதைக் கேட்க வழியில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

எந்திரங்களைப் பார்த்து அஞ்சியவர்களும் இருந்தார்கள். 1982-இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களுக்கும் டிரம் மெஷின்களுக்கும் தடை கோரித் தீர்மானம் போட்டது. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டூடியோக்களில் நாள்கூலிக்கு வாசித்த வயலின், டிரம் கலைஞர்களின் வயிற்றுப்பாடு அது. எல்எம்-1 பலருடைய வேலையை எடுத்துக்கொண்டது உண்மை. அதே எந்திரம்தான், இசைப்பள்ளி வாசலை மிதிக்காத ஓக்கிக்கும் ஸ்லைடு ஓட்டிய ரைட்டுக்கும் கதவு திறந்தது. 'டோன்ட் யூ வான்ட் மீ' பாட்டை எழுதிய மூவரில் ரைட்டும் ஒருவர். இழப்பையும் திறப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வெற்றி வந்த பிறகு குழுவும் ரஷென்டும் ஒன்றாக நிலைக்கவில்லை. 1982-இல் ரஷென்ட் 'டேர்' பாட்டுகளின் ஒலிநாடாக்களைக் கையாலேயே வெட்டி ஒட்டி, ஆயிரக்கணக்கான வெட்டுகளோடு, 'லவ் அண்ட் டான்சிங்' என்ற ரீமிக்ஸ் ஆல்பத்தைத் தந்தார். ரீமிக்ஸ் ஆல்பங்கள் அரிதாக இருந்த காலத்தில் அதுவும் பட்டியலில் மூன்றாமிடம் வரை போனது. அடுத்த ஆல்பமான 'ஹிஸ்டீரியா' வேலை நடக்கும்போது மனக்கசப்பில் அவர் விலகினார். பணமும் நேரமும் தாராளமாக இருந்தும் அந்த ஆல்பம் 1984 வரை இழுத்தது. கிடாரும் உள்ளே வந்துவிட்டது. மோசமான ஆல்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் 'டேர்' ஆல்பத்தைக் கூர்மையாக்கிய கட்டுப்பாடுகள் அதில் இல்லை.

'டேர்' என்றால் இன்று பலருக்கும் அந்தக் கடைசிப் பாட்டு மட்டும்தான். 2014-இல் அபர்டீன் கால்பந்துக் குழுவின் ரசிகர்கள் வரிகளை மாற்றி மைதானத்தில் பாடி, அதை மீண்டும் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். திருமண விருந்துகளிலும் பண்பலையிலும் அது தனியாகவே ஒலிக்கிறது. ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டால் அதன் எடை வேறு. ஒற்றை சிந்தசைசரில் ஒரு குற்றப்படத்தின் மெட்டு. சட்டமே நான் என்று உறுமும் ஒரு காவலன். ஒரு ஜனாதிபதியைக் கொன்ற சில நொடிகள். காதலை அறிவித்துக்கொள்ளும் ஓர் இளைஞன். அதற்கும் பிறகுதான் சல்லியின் பதில். பிடிக்காத பாட்டை ஒதுக்கிவைக்க ஓக்கி தேர்ந்தெடுத்த இடம், அந்தப் பாட்டுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிகச் சரியான இடம்.