அது கரண்ட் சத்தம்ங்ணா!

திருப்பூர் வட்டாரத்தில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பேச்சாளருக்கு முன்னாலேயே ஒருத்தர் பேச ஆரம்பித்துவிடுவார். ‘உர்ர்ர்ர்...’ மைக் செட்டின் உறுமல்தான். மாரியம்மன் கோயில் நோம்பி, காதுகுத்து, யூனியன் கூட்டம், கிராம சபை... எங்கேயும் இவர்தான் சிறப்பு விருந்தினர்!

செட்காரரைக் கேட்டுப் பாருங்கள். ‘‘அது கரண்ட் சத்தம்ங்ணா. ஊரெல்லாம் மெஷின் ஓடுது, ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வேணும்னா வால்யூம் ஏத்தறனுங்க’’ என்பார்.

கரண்ட் சத்தம் என்பது வாஸ்தவம். நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் அப்படி உறுமுகிறது. தையல் மெஷினின் சர்வோ மோட்டாரும் நிட்டிங் மெஷினின் டிரைவும் சேர்ந்து அதன் மேல் ஒரு ‘கிர்ர்’ரையும் பூசிவிடுகின்றன. மைக்கிலிருந்து கிளம்புவதோ சில மில்லி வோல்ட். நூறடி வயரைக் கடந்து வருவதற்குள் வழியில் இருப்பதெல்லாம் அதன் மேல் தொற்றிக்கொள்ளும்.

ஆனால், வால்யூம் வைத்தியம் சுத்தப் பொய். குரலோடு உறுமலும் சேர்ந்துதான் ஏறும். விற்பனை இரட்டிப்பு, செலவும் இரட்டிப்பு என்றால் லாப சதவிகிதம் ஏறுமா? பி.காம். படித்த எனக்கே இது புரிகிறது.

ஒண்ணும் பண்ண முடியாதா? டெலிபோன் வயரில் இதே தொல்லை வந்தபோது, இரண்டு கம்பிகளை முறுக்கி ஓட்டும் வித்தைக்கு 1881-லேயே கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிவிட்டார். மைக்கின் அடியில் பாருங்கள், மூன்று பின் இருக்கும். ஒன்று ஷீல்டு. மற்ற இரண்டிலும் குரல். ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. வழியில் தொற்றும் இரைச்சல் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். ஆம்ப்ளிஃபயர் வாசலில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரோ ஐ.சி-யோ ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. குரல் நிற்கும், இரைச்சல் அடிபட்டுப்போகும். இரண்டு லெட்ஜரிலும் ஒரே தொகை தப்பாக ஏறியிருந்தால், வித்தியாசம் பார்க்கும்போது அது தெரியாது இல்லையா, அதே கணக்கு! துளிகூட மிஞ்சாது என்று சொல்லவில்லை. பேச்சு புரியும்.

நம்மாள் என்ன செய்கிறார்? வயரின் மறுமுனையில் பி-38 மோனோ பின்னை மாட்டுகிறார். அதில் இடமே இரண்டுதான். மிச்சக் கம்பியை ஷீல்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார். கழிக்க வேண்டிய லெட்ஜரைக் கிழித்துப் போட்டாச்சு!

இதைவிடக் கொடுமை எர்த் வெட்டு. மிக்சர் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் வேறு பிளக்கில் என்று இரண்டு இடத்தில் எர்த் ஆனால், அந்த வளையத்தில் ஓடும் கரண்ட்டும் உறுமும். இரண்டையும் ஒரே போர்டில் செருகலாம். நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். சிலர் பிளக்கின் பெரிய பின்னையே கழற்றிவிடுகிறார்கள். உறுமல் நிற்கும்தான். ஆம்ப்ளிஃபயரில் லீக்கேஜ் வருகிற அன்றைக்கு, ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடிக்கிறவர் கதி?

உறுமல் எல்லோரையும் சமமாக அமுக்குவதில்லை. தொண்டை கிழியக் கத்தும் தலைவர் தப்பித்துக்கொள்வார். வருஷத்துக்கு ஆறு கிராம சபை. பனியன் கம்பெனியில் வாரம் பூரா நின்ற அக்கா, பயந்து பயந்து மைக்கை வாங்கி, ‘‘எங்க வீதிக்குப் பதினஞ்சு நாளா தண்ணி வரலீங்க’’ என்கிறார். பின்வரிசைக்கு எட்டுவது ‘உர்ர்ர்’தான். ‘‘கேக்குதுங்களா?’’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அடுத்தவர், அடுத்த தீர்மானம்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 என்று 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள் எல்லை கட்டியிருக்கின்றன. சத்தத்தை அளக்கிறார்கள், சரி. பேசியது புரிந்ததா என்று எந்த அதிகாரி அளக்கிறார்?

அடுத்த தடவை செட் புக் பண்ணும்போது ‘எத்தனை வாட்ஸ்?’ என்று கேட்காதீர்கள். ‘‘மைக் வயரு ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் மூணு பின்னுங்களா?’’ என்று கேளுங்கள். இல்லையென்றால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு மைக் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டச் சொல்லுங்கள். ‘‘அதெல்லாம் எதுக்குங்ணா?’’ என்று சிரித்தாரானால், அட்வான்ஸ் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.