சேத்துப்பட்டில் பொழுதுபோக்கு, கூவத்தில் குற்றமா?

ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடிப்பது பிழைப்பு. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் குடும்பமே தெருவில் நிற்கும். இந்தக் கரையில் இருந்துகொண்டு, பொழுதுபோக்குக்காக மீன்பிடிப்பதைப் பற்றி ஏன் எழுதுகிறோம்? படிக்கவும் வேலைக்கும் சென்னைக்குப் போகிற நம் பிள்ளைகளிடம் பேச வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

சேத்துப்பட்டு ஏரியை மீன்வளத் துறை பசுமைப் பூங்காவாக்கி 2016-இல் திறந்தது. காசு கட்டிப் படகில் போகலாம், தூண்டில் போடலாம் என்பது திட்டம். நல்லதுதான். நகரத்து மனிதருக்கும் தண்ணீரோரம் உட்கார ஓர் இடம் வேண்டும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் கூவம் ஓடுகிறது. கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கரையோரக் குடிசைப் பிள்ளைகளும் தூண்டில் போடுகிறார்கள். ஒரு குச்சி, கொஞ்சம் நரம்பு, மண்புழு போதும். அவர்களுக்கும் அது விளையாட்டுதான். ஆனால் மாட்டுகிற ஜிலேபியும் கெளுத்தியும் ராத்திரி குழம்புக்குப் போகும்.

இவை சாக்கடையிலும் பிழைக்கிற மீன்கள். துள்ளுவதால் நல்ல மீன் என்று நம்பிவிடக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயமும் பாதரசமும் போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய், ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மனிதருக்குள் போனதால் வந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் தினமும் அந்த மீனைத் தின்ற மீனவக் குடும்பங்கள். எண்ணூரில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோதும், தண்ணீரில் இறங்கிப் பிழைப்பவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள்.

"அப்படியானால் அந்தப் பையன்களை விரட்ட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். விரட்டித்தான் பார்த்தார்களே! ஆற்றைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கூவக் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். குடிசைகள் போயின, சாக்கடை நிற்கவில்லை. அது மாடி வீடுகளிலிருந்தும் வருகிறது, ஆலைகளிலிருந்தும் வருகிறது. அழுக்காக்கியவரை விட்டுவிட்டு, அழுக்குக்குப் பக்கத்தில் வாழ்ந்தவரை அகற்றுவது சாதிச் சமூகத்தின் பழைய பழக்கம்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். பொதுத் தண்ணீர் எல்லோருக்கும் பொது என்பதற்கான போராட்டம் அது. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தண்ணீரைத் தொடும் உரிமை மட்டும் போதாது, அது நஞ்சில்லாமல் இருக்கவும் வேண்டும் என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சென்னையில் படிக்கும் தோழர்களே, அந்தப் பிள்ளைகளிடம் முதலில் பேசுங்கள். பிடிக்கட்டும், தின்ன வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். பிறகு பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள்: இந்த ஆறுகளின் மீனைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? முடிவு என்ன? கரையில் எச்சரிக்கைப் பலகை எங்கே? கழிவைக் கலப்பவர்கள் மீது என்ன நடவடிக்கை?

பதில் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்ததைச் சேர்ந்து செய்வோம்.

ஜெய்பீம்.