ஃபர்னஸ் என்றால் அடுப்பா?

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் என்னோடு சண்டைக்கு வந்தார். "ஃபர்னஸ் என்று எழுதினால் எல்லாருக்கும் புரிகிறது. உலை, சூளை, காளவாய் என்று பழைய சொற்களைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்?" என்று கேட்டார்.

எல்லாருக்கும் புரிகிறது என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு காலத்தில் எனக்கே அது புரியவில்லை. அதனால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன்.

முதலில் சொல்லின் பூர்வீகம். ஆங்கிலேயனுக்கே அது இரவல் சொல். இலத்தீனில் 'ஃபோர்னாக்ஸ்', ரோமானியர் அந்தப் பெயரில் அடுப்புத் தெய்வம் ஒன்றையே கும்பிட்டார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிரெஞ்சில் இந்தக் குடும்பம் பல கிளையாகப் பிரிந்துவிட்டது. ரொட்டி சுடுவது 'ஃபூர்'. சமையல் அடுப்பு 'ஃபூர்னோ'. அதற்கு முன்னால் 'உயரமான' என்று சேர்த்து 'ஓ ஃபூர்னோ' என்றால் இரும்பு உருக்கும் ஊதுலை. கொழுந்துவிட்டு எரியும் பெருந்தீ 'ஃபூர்னேஸ்'.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஆங்கிலம் பிற்பாடு உத்தியோகத்துக்காகக் கற்றுக்கொண்டது. குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பு வந்தது. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாயில் வேலை பார்த்தவர் தீக்காயம் பட்டு இறந்துவிட்டார். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி அவர் மனைவிக்குப் பணம் வரவேண்டும். கோப்பில் இருந்த ஆங்கில அறிக்கையில் 'ஃபர்னஸ்' என்று இருந்தது. அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்ல, தமிழில் மனு எழுதியவன் நான். அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் அறிக்கையைப் பார்த்து எழுதினேன். தலைக்குள் 'ஃபூர்னோ'தான் ஓடியது. "அடுப்பில் தீப்பட்டு" என்று எழுதிவிட்டேன். அவர் கைநாட்டு வைத்தார்.

சில வாரம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. வீட்டு அடுப்பில் பட்ட காயத்துக்கு முதலாளி எப்படிப் பொறுப்பு என்று மேலே கேட்டிருந்தார்கள். திருத்தி எழுதி, மறுபடி விசாரணை நடந்து, பணம் கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. "நான் காளவாய்னுதானே சொன்னேன் ஐயா, அடுப்புன்னு யார் எழுதினது?" என்று அந்த அம்மா கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை.

இனி நண்பருக்குப் பதில். அகராதியைத் திறந்தால் ஃபர்னஸுக்கு 'உலை' என்று போட்டிருக்கும். அதுவும் போதாது. கொல்லன் பட்டறையில் இருப்பதும் உலை, வீட்டில் அரிசி போடக் கொதிக்க வைப்பதும் உலை. "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது" என்கிறோமே, அது சோற்றுப் பானை. ஆனால் தொழில் செய்தவர்களுக்குக் குழப்பமே இல்லை. செங்கல்லும் சட்டிபானையும் சுடுவது சூளை. சுண்ணாம்பு சுடுவது காளவாய். உலோகத்தைக் காய்ச்சுவதும் உருக்குவதும் உலை.

இது வெறும் பெயர் வித்தியாசம் இல்லை. காளவாயில் எதுவும் உருகுவதில்லை. கிளிஞ்சல் சுமார் 900 டிகிரியில் வெந்து சுண்ணாம்பாகிறது. அங்கே புகையும் நச்சுக்காற்றும் ஆளைக் கொல்லும். மேலே நிற்பவன் உள்ளே சரிந்து விழலாம். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். உருக்காலையில் உருகிய உலோகம் தெறிப்பதுதான் பயம். விபத்தை விசாரிக்கப் போகிறவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. எல்லாவற்றையும் 'ஃபர்னஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் அந்தத் தகவல் போய்விடுகிறது.

நான் தனித்தமிழ் வெறியன் இல்லை. மின்சாரத்தில் இரும்பு உருக்குகிற ஆலையில் தொழிலாளி 'ஃபர்னஸ்' என்றுதான் சொல்கிறார் என்றால் அப்படியே எழுதுங்கள். வேலை செய்கிறவன் வாயில் இருக்கும் சொல் எதுவோ அதுதான் காகிதத்திலும் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எது சுலபமோ அதை எழுதக்கூடாது. நான் அப்படித்தான் எழுதினேன்.

நண்பர் இதற்கும் பதில் அனுப்புவார். அனுப்பட்டும். அந்த அம்மாவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிவிட்டேன்: அடுப்பு என்று எழுதியது நான்தான்.