இடம் பெயராத சொறி

சொறி என்றாலே நம் கடற்கரை மக்களுக்குச் சலிப்புதான். வலையில் கும்பலாக ஏறிக் கைகால்களில் அரிப்பையும் எரிச்சலையும் தருவது. காற்றும் நீரோட்டமும் இழுத்த திசைக்கெல்லாம் மிதந்து செல்வது. ஆனால் மிதக்கவே அறியாத சொறியும் உண்டு என்றால் வாசகர்களிற் பலர் நம்பத் தயங்குவர்.

சாதாரணச் சொறி தன் இளமையில் சிறு பூமொட்டுப் போலப் பாறையில் ஒட்டி வாழ்கிறது. பின்னர் அதன் நுனி தட்டுத் தட்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு சொறியாகி நீந்திப் போகிறது. காம்புச் சொறி அவ்வாறு பிரிவதில்லை. ஒட்டிய இடத்திலேயே வளர்ந்து, கீழே காம்பும் மேலே கிண்ணமுமாக எட்டுக் கரங்களை விரித்து நிற்கிறது. ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் குண்டூசித் தலை போன்ற உணர்கொம்புகள் குஞ்சமாக இருக்கும்.

இவ்வினத்திற் பெரும்பாலானவை குளிர்ந்த கடல்களின் கரையோரப் பாசியிலும் கல்லிலும் வாழ்வன. ஆயினும் கிழக்குப் பசிபிக்கின் கடலடி மலைத்தொடரில், ஏறத்தாழ 2500 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் அருகே ஓர் இனம் அகப்பட்டது. 2005-இல் அதற்கு ‘லூசர்னேரியா ஜேனட்டே’ எனப் பெயரிட்டனர். முத்துச் சலாபக் காலத்தில் நம்மவர் கல்லின் பாரத்தால் இறங்கிக் குளித்த பார்கள் பத்துப் பாகம், அதாவது 18 மீட்டர் அளவு ஆழமுடையவை. அதைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஆழம் அது!

இத்தகைய ஊற்றுகளை மனிதர் முதன்முதலில் நேரிற் கண்டது 1977-இல், கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ‘ஆல்வின்’ என்னும் நீர்மூழ்கியில் இறங்கியபோதுதான். சிலவற்றில் நீரின் வெப்பம் 350 பாகையையும் தாண்டும். மேலே நிற்கும் கடலின் அழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. கதிரவன் ஒளி எட்டாத அவ்விடத்தில், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு நுண்ணுயிர்கள் உணவு சமைக்கின்றன. அவற்றை நம்பியே புழுவும் சிப்பியும் நண்டும் பிழைக்கின்றன. காம்புச் சொறி சுடுநீரில் அன்று, சற்று ஒதுங்கி, வெப்பம் தணிந்த பாறையில் நிற்கிறது.

பசிபிக்கின் கதை நமக்கு எதற்கு எனலாம். இந்தியப் பெருங்கடலிலும் இவ்வகை ஊற்றுகள் உள்ளன. 2024 டிசம்பரில் நம் நாட்டு ஆய்வாளர்கள் 4500 மீட்டர் ஆழத்தில் ஒன்றைப் படம்பிடித்தனர். அவை கக்கும் தாதுக்களில் செம்பும் துத்தநாகமும் பொன்னும் உண்டு. அவற்றைத் தேடி ஆராய 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இந்தியா 2016-இல் சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் ஒப்பந்தம் செய்துள்ளது. இக்கடலின் ஊற்றுகளில் மட்டும் வாழும் இரும்புச் செதில் நத்தை, சுரங்கத் தொழிலால் வரக்கூடிய ஆபத்துக்காகவே 2019-இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் ஏறிற்று.

கடலடியைத் தோண்டினால் என்ன ஆகுமென்று தூத்துக்குடியாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பவளப்பாறைக் கல்லை வெட்டி வெட்டியே விலாங்குச்சல்லித் தீவை நீருக்குள் அனுப்பினோம். முத்துச்சிப்பியின் குஞ்சாவது நீரோட்டத்தில் மிதந்து வேறொரு பாரில் ஒட்டிக்கொள்ளும். காம்புச் சொறியின் குஞ்சுக்கு நீந்த உதவும் மயிரிழைகளும் இல்லை. அது ஊர்ந்துதான் செல்லவேண்டும்.

தோண்டுவதற்கான விதிகளை அவ்வாணையம் 2025 ஜூலைக் கூட்டத்திலும் முடிவு செய்யவில்லை. எந்த ஊற்றைத் தொடலாகாது என்ற வரியை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றை எழுதலாம்.